வாரம் இரண்டு நாள் இஞ்சினியர்கள்

மலர்க்குழு நண்பர் போன் செய்து, "நீ நகராட்சியில வேலை பார்த்தவன்தானே? அதைப் பத்தி ஒரு கட்டுரை குடு. ஆனா சும்மா சொந்தக் கதையா இருக்கக் கூடாது. கொஞ்சம் சரித்திரமும் இருக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பத்தாம் வகுப்போடு சரித்திரத்தைத் தலைமுழுகிவிட்டு நம் கல்லூரியின் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தவன் நான். போதாக்குறைக்கு, "நகராட்சியில் வேலை பார்த்தவன்" என்பதும் பாதி உண்மைதான். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பார்த்தவன்.

விளக்கமாகச் சொல்கிறேன். ஊர்களில் குடிநீர்க் குழாய் மாற்றுவது, மழைநீர் வடிகால் கட்டுவது போன்ற திட்டங்கள் வரும்போது அவற்றை மேற்பார்வையிட ஆலோசனை நிறுவனங்களை அமர்த்துகிறார்கள். அப்படி ஒரு நிறுவனத்தில் நான் திட்ட மேலாளர். மூன்று ஊர்களுக்கு ஒரே ஆள். செவ்வாயும் வெள்ளியும் ஒரு ஊர், மற்ற நாட்களில் மற்ற ஊர்கள். ஒப்பந்தத்திலேயே மாதத்துக்கு இத்தனை நாள் என்று கணக்குப் போட்டிருக்கும். பதினெட்டு மாதம் இப்படிப் பஸ் ஏறி இறங்கினேன்.

நகராட்சி ஊழியர்கள் எனக்கு வைத்த பெயர் "ரெண்டு நாள் சார்". முதலில் கோபம் வந்தது. பிறகு பழைய விஷயங்களைத் தேடிப் படித்தபோது கோபம் போய்விட்டது. நம் நாட்டு உள்ளாட்சிகளின் சரித்திரமே பெரும்பாலும் இரண்டு நாள் சார்களின் சரித்திரம்தான் என்று தெரிந்துகொண்டேன். அந்த வரிசையில் வந்த பெரியவர்கள் சிலரைப் பற்றியும், வரிசையின் கடைசியில் நின்ற நான் செய்த ஒரு தவறைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

கடன் வாங்கிய கைகள்

சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. நாட்டிலேயே பழையது. ஆனால் மற்ற ஊர்களில் நகராட்சி என்ற அமைப்பு உயிரோடு நடமாட ஆரம்பித்தது ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்குப் பிறகுதான். அதை ஒட்டி 1884-இல் மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. ரோடு, விளக்கு, சாக்கடை, குடிநீர் என்று பொறுப்புகள் வந்து சேர்ந்தன. கூடவே பணம் வரவில்லை. வீட்டு வரியையும் சந்தைக் குத்தகையையும் வைத்துக்கொண்டு ஒரு சிற்றூர் முழு நேர இஞ்சினியருக்குச் சம்பளம் கொடுப்பது எப்படி?

ஆகவே கடன் வாங்கினார்கள். பணத்தை மட்டும் அல்ல, ஆளையும்தான். பொதுப்பணித் துறையிலிருந்து ஒருவர் இரவலாக வருவார். இல்லாவிட்டால் அரசாங்கத்தின் சானிட்டரி இஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். பெரிய சென்னை நகரம்கூடக் குடிநீருக்கு இப்படித்தான் செய்தது. கொற்றலை ஆற்றுத் தண்ணீரைத் தாமரைப்பாக்கத்தில் திருப்பி, சோழவரம் வழியாகச் செங்குன்றம் ஏரிக்குக் கொண்டுவரும் யோசனையை 1866-இல் சொன்னவர் ஃபிரேசர் என்ற அரசாங்க இஞ்சினியர். 1872-இல் அது நிறைவேறியது. பின்னால் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தையும் மணல் வடிகட்டிகளையும் உருவாக்க மேட்லி என்பவரைத் "தனி இஞ்சினியர்" என்ற பதவியில் அமர்த்தினார்கள். அது 1914-இல் செயல்படத் தொடங்கியது.

இரவல் ஆள் வந்து ஊருக்கு நன்மை செய்துவிட்டுப் போக முடியுமா? முடியும். இரண்டு உதாரணம் சொல்கிறேன். இரண்டுக்கும் கதாநாயகர் ஒருவரே.

சுக்கூரில் ஒரு கிணறு

செப்டம்பர் 15 வந்தால் நம் கல்லூரியில் விஸ்வேஸ்வரய்யா படத்துக்கு மாலை போடுவோம். கண்ணம்பாடி அணை, மைசூர் திவான் என்று மேடையில் பேசுவார்கள். அவர் இளம் வயதில் ஒரு நகராட்சிக்கு இரவலாகப் போய்க் குழாய் வேலை பார்த்தவர் என்பதை யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவி இஞ்சினியராகச் சேர்ந்தவர் அவர். 1893-இல் சிந்துப் பகுதியின் சுக்கூர் நகராட்சிக்குக் குடிநீர்த் திட்டம் செய்து கொடுக்க அனுப்பப்பட்டார். அந்த ஊர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. ஊரை ஒட்டியே சிந்து நதி ஓடுகிறது. தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை, ஆனால் ஒரே வண்டல். ஆற்றிலிருந்து தண்ணீரை மேட்டுக்கு ஏற்றி, வடிகட்டிகள் கட்டிச் சுத்தம் செய்து ஊருக்கு விடுவது திட்டம். கணக்குப் பார்த்தபோது வடிகட்டி கட்ட நகராட்சியிடம் பணம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு இரவல் இஞ்சினியர் என்ன செய்யலாம்? "நிதி இல்லை, திட்டம் நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று கோப்பில் எழுதிவிட்டுத் தாய்த் துறைக்குத் திரும்பலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் ஆற்றுப் படுகையிலேயே கரையோரம் வட்டக் கிணறு ஒன்று தோண்டச் செய்தார். ஆற்று நீர் மணல் வழியாகக் கசிந்து கிணற்றுக்குள் தெளிவாக வந்து சேரும்படி செய்தார். ஆற்று மணலே வடிகட்டி ஆயிற்று. அதிலிருந்து இறைத்து மேட்டுக்கு ஏற்றினார்கள். 1895-இல் கவர்னர் சாண்ட்ஹர்ஸ்ட் பிரபு வந்து திறந்து வைத்தார்.

ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய நம் வைகைக் கரை, பாலாற்றுக் கரைப் பாட்டிமார்களுக்கு இது புதுச் சங்கதி அல்ல. ஆனால் ஊரின் பணப்பை எவ்வளவு என்று பார்த்து, அதற்குள் அடங்கும்படி வேலையை மாற்றி அமைத்தாரே, அதுதான் திட்ட மேலாளர் வேலை.

ஆறு மாதமும் பதினெட்டு வருடமும்

இரண்டாவது, ஹைதராபாத். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி நதி பொங்கி நகரத்துக்குள் புகுந்தது. 15,000 பேர் வரை இறந்ததாகச் சொல்லப்படுகிறது. அப்போது விஸ்வேஸ்வரய்யா பம்பாய் அரசாங்க வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். நிஜாம் அரசாங்கம் அழைத்தது. சிறப்பு ஆலோசனை இஞ்சினியராக 1909 ஏப்ரலில் வந்து பொறுப்பேற்றார். அதே ஆண்டு நவம்பரில் மைசூர் அரசின் தலைமை இஞ்சினியராகப் போய்விட்டார். ஆக, ஹைதராபாத்தில் இருந்தது ஆறேழு மாதம்தான்.

அந்த ஆறேழு மாதத்தில் மழைக் கணக்குகளைச் சேகரித்தார். ஊருக்கு மேலே ஆற்றுப் படுகையில் இருந்த ஏரிகள் எப்படி உடைந்தன என்று ஆராய்ந்தார். வெள்ளத்தை ஊருக்குள் கரை கட்டி மட்டும் தடுக்க முடியாது, ஊருக்கு மேலேயே பிடித்து நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தார். மூசி நதியில் ஒன்று, அதன் கிளையாறான ஈசியில் ஒன்று என இரண்டு நீர்த்தேக்கங்களை யோசனை சொல்லி அறிக்கை எழுதிக் கொடுத்தார். உஸ்மான் சாகர் 1920-இல் முடிந்தது. ஹிமாயத் சாகர் 1927-இல் முடிந்தது. வெள்ளத்தைத் தடுக்க யோசித்த அந்த ஏரிகளே நகரத்துக்குக் குடிநீரும் கொடுத்தன.

கணக்குப் பாருங்கள். ஆள் இருந்தது ஆறேழு மாதம். வேலை முடிய ஆனது பதினெட்டு வருடம். நடுவிலே நிஜாமே மாறிவிட்டார். அவர் எழுதிவைத்த காகிதம் இருந்தது. அந்தக் காகிதத்தைப் படித்து, நம்பி, தொடர்ந்து செய்ய அங்கே ஒரு துறையும் இருந்தது. இந்த இரண்டாவது வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கதைக்கு வேண்டும்.

எம்டன் மூழ்கடித்த வரைபடங்கள்

நம்ம ஊரில் சூரப்புலியான ஆளை "அவன் சரியான எம்டன்" என்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் அது. அடுத்த மாதம் அதே எம்டன் 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அந்தச் சரக்கில் இருந்தவற்றில் ஒன்று, சென்னையில் நடக்கவிருந்த நகரமைப்புக் கண்காட்சியின் படங்களும் வரைபடங்களும். அவற்றின் சொந்தக்காரர் பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் வந்தவர். பல வருட உழைப்பு கடலுக்குள் போயிற்று. மனுஷன் அசரவில்லை. நண்பர்கள் இங்கிலாந்தில் புதிதாகப் படங்கள் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தேவிட்டது.

கெடிஸ் இஞ்சினியர் அல்ல. தாவரவியல் பேராசிரியர். டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருடைய பதவியே பகுதி நேரப் பதவி. கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும். மீதி மாதங்களில் ஊர் ஊராகப் போய் நகரங்களை ஆராய்ந்தார். மதுரை, தஞ்சாவூர், கோயம்புத்தூர், காஞ்சிபுரம் என்று நம் ஊர்களுக்கும் வந்து அறிக்கைகள் எழுதினார்.

அந்தக் காலத்து நகராட்சி முறை என்னவென்றால், நெருக்கமான தெருக்களைக் கண்டால் ஸ்கேலை வைத்து நேர்க்கோடு போட்டு, குறுக்கே வரும் வீடுகளை இடித்துவிடுவது. கெடிஸ் வேறு வழி சொன்னார். முதலில் சந்து சந்தாக நட. வீட்டுத் திண்ணை, கிணறு, மரம், கோயில் எங்கே என்று குறி. பிறகு பாழடைந்த ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் எடுத்துவிட்டால் காற்றும் வெளிச்சமும் வந்துவிடும் என்றார். நல்ல டாக்டர் காலையே வெட்டாமல் கட்டியை மட்டும் எடுப்பது போல. தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கு இப்படி அவர் போட்ட மாற்று வரைபடத்தில் இடிபடும் வீடுகள் மிகக் குறைவு. செலவும் பழைய திட்டத்தில் ஒரு சிறு பங்குதான்.

இந்தூரில் அவர் செய்த காரியம் இன்னும் சுவையானது. பிளேக் நோய் பரவிய காலம். படமும் கையுமாகச் சந்துகளில் திரிந்த வெள்ளைக்காரரைக் கண்டு ஜனங்கள் மிரண்டார்கள். இடிக்க வந்தவர் என்று நினைத்தார்கள். கெடிஸ் மன்னரிடம் ஒரு நாள் அதிகாரம் கேட்டு வாங்கி, தீபாவளி ஊர்வலத்தைத் தாமே நடத்தினார். ஊர்வலம் வழக்கமான வழியில் போகாது, எந்தத் தெருக்காரர்கள் தங்கள் தெருவை நன்றாகச் சுத்தம் செய்திருக்கிறார்களோ அந்த வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். அவ்வளவுதான், ஊரே விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டது!

ஆனால் கெடிஸ் எழுதியதில் எவ்வளவு நடந்தது? பல யோசனைகள் ஏட்டோடு நின்றுவிட்டன. அறிக்கை அருமையாக இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த பத்து வருடம் நடக்க அந்தந்த நகராட்சியில் ஆள் இல்லை. முன்பு ஞாபகம் வைக்கச் சொன்ன வாக்கியம் இதுதான்: காகிதம் மட்டும் போதாது, அதைப் படிக்கிற ஆளும் ஊரில் இருக்க வேண்டும்.

ஆலந்தூர் செய்து காட்டியது

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியதா? ஒரு விதத்தில் மாறியது. 1971-இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் பிறந்தது. ஊர்களின் பெரிய குடிநீர்த் திட்டங்களை வாரியமே வகுத்துக் கட்டி நகராட்சியிடம் ஒப்படைத்தது. திறமையான இஞ்சினியர்கள், நல்ல வேலைகள். நம் சீனியர்கள் பலர் அதில் இருந்தவர்கள். ஆனாலும் ஊரின் பக்கத்திலிருந்து பார்த்தால், வடிவமைத்த கை வேறு, அதை வைத்துக் காலம் தள்ளும் கை வேறு.

74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 1996-இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதே ஆண்டு நகராட்சிகளுக்குக் கடன் கொடுக்கத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமும் உருவானது. அந்தச் சமயத்தில் சென்னையை ஒட்டிய ஆலந்தூர் நகராட்சி, தலைவர் ஆர்.எஸ். பாரதி காலத்தில், பாதாளச் சாக்கடை போட முடிவு செய்தது. செப்டிக் டேங்கும் லாரியுமாக இருந்த ஊர். மதிப்பீடு ஏறத்தாழ 34 கோடி. நகராட்சியின் கையிருப்பில் நடக்கிற காரியம் அல்ல.

வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இடத்துக்கு 10,000 ரூபாய் என்று முன்வைப்புத் தொகை கேட்டார்கள். குழி தோண்டுவதற்கு முன்னாலேயே! குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டி, தெருத்தெருவாகப் போய் விளக்கினார்கள். ஜனங்கள் கட்டினார்கள். அதைக் காட்டித்தான் கடனும் மானியமும் வாங்க முடிந்தது. 2000-இல் வேலை தொடங்கியது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தைத் தனியாரே கட்டி, நடத்தி, பிறகு ஒப்படைக்கும் முறையில் கொடுத்தார்கள். இந்திய நகராட்சிகளில் இதற்கு முன்னோடி ஆலந்தூர்தான். 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஆனால் அந்தத் திட்டத்தைப் பற்றி இன்றும் வகுப்புகளில் பாடம் நடத்துகிறார்கள்.

இங்கேயும் ஆலோசகர்கள் வெளியாட்கள், ஒப்பந்தக்காரர் வெளியாள், பணம் கொடுத்த நிதியம் வெளியாள். ஆனால் பிடி ஊரின் கையில் இருந்தது. 5,000 ரூபாய் கட்டிய வீட்டுக்காரர் தெருவில் பைப் இறக்கும்போது வேடிக்கை பார்க்க மாட்டார். "என்னங்க, லெவல் சரியா இருக்கா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைவிடப் பெரிய மேற்பார்வை ஏது?

என் புதன்கிழமை

பெரியவர்கள் கதை முடிந்தது. இனி என் கதை.

என்னுடைய செவ்வாய்-வெள்ளி ஊரில் பழைய குடிநீர்க் குழாய்களை எடுத்துவிட்டுப் புதிது போடும் வேலை. மெயின் ரோட்டில் பொக்லைன் இறங்க வேண்டும். அதே ரோட்டின் அடியில் எங்கேயோ ஒரு பழைய வார்ப்பிரும்புக் குழாய் போகிறது. 300 மில்லிமீட்டர். நாலு வார்டுக்கு அதுதான் தண்ணீர். கோப்பில் இருந்த வரைபடத்தில் அது ரோட்டின் கிழக்கு ஓரமாகப் போவதாகக் காட்டியிருந்தது. புதுக் குழாய்க்கு மேற்கு ஓரம் என்று முடிவு செய்தோம்.

இப்படிப்பட்ட இடத்தில் பத்திருபது மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி கையால் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தை இறக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒப்பந்தக்காரர் அவசரப்பட்டார். பில் போட வேண்டிய மாதம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்கு ஆறரை மணி பஸ். "வரைபடம்தான் தெளிவா இருக்கே" என்று சொல்லி, சோதனைக் குழி இல்லாமலே அனுமதிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடித்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பொக்லைன் பல் அந்தக் குழாயை உடைத்தது. அது கிழக்கில் இல்லை, மேற்கில்தான் இருந்தது. கோப்பில் இருந்தது திட்டமிட்டபோது போட்ட வரைபடம். போடும்போது ஏதோ காரணத்தால் இடம் மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதை யாரும் காகிதத்தில் ஏற்றவில்லை.

நான் அப்போது வேறு ஊரில், எண்பது கிலோமீட்டர் தள்ளி. உதவி இஞ்சினியர் போனில் கத்துகிறார்: "சார், தண்ணி ரோட்டுல ஆறா ஓடுது. வால்வை மூடணும். வால்வு எங்க இருக்குன்னே தெரியல சார்!" அவர் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம். வால்வுகளின் மேல் இரண்டு மூன்று தடவை தார் போட்டு மூடிவிட்டிருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலு மணி. அதற்குள் பணி ஆய்வாளர் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தார். பணி ஓய்வு பெற்று வீட்டில் இருந்த பழைய ஃபிட்டர் ஒருவரை மொபெட்டில் உட்கார வைத்து அழைத்து வந்திருந்தார். எழுபது வயது தாண்டியவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பெட்டிக்கடையையும் ஒரு வேப்ப மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு அடி எடுத்து வைத்தார். கடப்பாரையால் ரோட்டைத் தட்டினார். "இங்க தோண்டுங்க" என்றார். இரண்டடிக்குக் கீழே வால்வு இருந்தது.

தண்ணீர் நின்றது. ஆனால் உடைந்த குழாய்க்குப் பொருத்தமான பாகம் கிடைத்து, சேர்த்து, மறுபடி தண்ணீர் விட நாலு நாள் ஆயிற்று. மே மாதம். நான் அந்த நாலு நாளும் அங்கேயே தங்கினேன். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஒரு அம்மா, நான் யார் என்று பக்கத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "வாரத்துல ரெண்டு நாள் வர்ற இஞ்சினியருக்கு, ஏழு நாளும் தண்ணி வேணுங்கிறது எப்படித் தெரியும்?"

திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். பதில் சொல்லத் தெரியவில்லை. வரைபடம் தவறு, பழையவர்கள் எழுதி வைக்கவில்லை, ஒப்பந்தக்காரர் அவசரம் என்று அறிக்கையில் ஆயிரம் எழுதலாம். எழுதவும் எழுதினேன். ஆனால் சோதனைக் குழி தோண்டாமல் கையெழுத்துப் போட்டது நான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. இதை அறிக்கையில் எழுதவில்லை. இந்த மலரில்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

சர்வே கேம்ப் கை கொடுத்தது

அன்று எனக்கு ஒன்று உறைத்தது. என்னிடம் காகிதம் இருந்தது, ஊர் தெரியாது. அந்தப் பெரியவருக்கு ஊர் தெரியும், காகிதம் இல்லை. அவர் தலைக்குள் இருப்பது அவரோடு போய்விடும். என் கையில் இருப்பது பொய் சொல்லும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். "ஐயா, எனக்கு எல்லா வால்வையும் காட்டிக் குடுப்பீங்களா?" என்றேன். "எதுக்கு சார்? நீங்களும்தான் போயிடப் போறீங்க" என்றார். உண்மைதான். "அதுக்குத்தான் ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காலைல ஆறு மணிக்கு வாங்க. வெயிலுக்கு முன்னால முடிச்சிடலாம்" என்றார்.

அன்றிலிருந்து என் முறை வரும் நாளெல்லாம் காலை ஆறிலிருந்து எட்டு வரை இருவரும் நடந்தோம். உதவி இஞ்சினியரும் சேர்ந்துகொண்டார். மூன்றாம் வருடம் நம் சர்வே கேம்ப்பில் சங்கிலியையும் டேப்பையும் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தோமே, "இதெல்லாம் எங்கே உதவப் போகுது?" என்று முணுமுணுத்தோமே, அது உதவியது. ஒவ்வொரு வால்வுக்கும், சுலபத்தில் மாறாத இரண்டு இடங்களிலிருந்து டேப் பிடித்து அளவெடுத்தோம். கோயில் மதில் மூலையிலிருந்து இத்தனை மீட்டர், பள்ளிக்கூடக் கேட் தூணிலிருந்து இத்தனை மீட்டர் என்று. மேலே எத்தனை தார் போட்டாலும் இரண்டு அளவையும் பிடித்தால் இடம் கிடைத்துவிடும். வால்வின் அளவு, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் ஒரு தடித்த நோட்டில் ஏறியது. கம்ப்யூட்டரிலும் ஏற்றினோம். ஆனால் நோட்டை ஃபிட்டர்கள் அறையில் வைத்தோம். ராத்திரி இரண்டு மணிக்குப் பைப் உடைந்தால் கம்ப்யூட்டர் அறைச் சாவியை யார் தேடுவது?

ஐந்து மாதத்தில் 62 வால்வுகள். மதிப்பீட்டில் இந்த வேலைக்கு ஒரு வரி கிடையாது. ஆகவே பெரியவருக்குக் கூலியும் கிடையாது. டீயும் பன்னும்தான். முதல் வாரம் "சார்" என்று கூப்பிட்டவர், கடைசியில் "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுதான் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு.

பதினெட்டு மாதம் முடிந்தது. நான் வந்துவிட்டேன். உதவி இஞ்சினியருக்கும் மாற்றல் ஆயிற்று. பெரியவர் இப்போது இல்லை. போன வருடம் அந்த ஊர் வழியாகப் போக நேர்ந்தபோது ஃபிட்டர்கள் அறைக்குப் போய் நோட்டைக் கேட்டேன். பழைய சேலைத் துணியில் அட்டை போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே 63-இலிருந்து 71 வரை புதிதாக ஒன்பது வால்வுகள் ஏறியிருந்தன. யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த இளைஞருக்கும் என்னைத் தெரியவில்லை. "நீங்க யாரு சார்?" என்றார். "முன்னால இங்க ரெண்டு நாள் வந்துட்டிருந்தேன்" என்றேன்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு

உங்களில் பலர் நாளைக்கு இப்படித்தான் வேலை பார்ப்பீர்கள். 2015-இல் வந்த ஸ்மார்ட் சிட்டி, அம்ருத் திட்டங்களிலிருந்து ஆலோசகர் வேலை பெருகியிருக்கிறது. ஒரு ஊரில் முழு நேரம் உட்காரும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. அது குற்றம் இல்லை. விஸ்வேஸ்வரய்யாவும் இரவல்தான். கெடிஸும் பகுதி நேரம்தான். ஆனால் நாம் கிளம்பும்போது ஊரில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். போட்டதைப் போட்டபடி காட்டும் வரைபடம் இருக்கிறதா? அதைப் படிக்கத் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவராவது இருக்கிறாரா? இரண்டும் இருந்தால் நிம்மதியாகப் பஸ் ஏறலாம்.

துறைத் தலைவருக்கும் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு பிராஜெக்ட் என்று எங்கிருந்தோ தரவு இறக்கி ஸ்பைரல் பைண்டிங் போடுவதற்குப் பதிலாக, நாலு மாணவர்கள் சேர்ந்து தங்கள் சொந்த ஊரில் ஒரு வார்டின் வால்வுகளையும் வடிகால்களையும் அளந்து நகராட்சிக்கு ஒரு நோட்டு கொடுக்கட்டும். ஊருக்கு ஒரு ஓய்வு பெற்ற ஃபிட்டராவது நிச்சயம் இருப்பார். அவர் இருக்கும்போதே போக வேண்டும். சங்கத்தின் சார்பில் டேப்பும் நோட்டும் வாங்கிக் கொடுக்கும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். டீயும் பன்னும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்திப்பு நாளன்று சிவில் பிளாக் வேப்பமரத்தடியில் இருப்பேன். இதற்குச் சம்மதிப்பவர்கள் அங்கே வந்து பேர் கொடுக்கலாம். இந்தத் தடவை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்ப மாட்டேன்.